கீழ்த்தாடையின் ஓரம்

நூலைக் கத்தரிக்கோலால் வெட்ட வீரம்மாவுக்குப் பொறுமை கிடையாது. இருபது வருஷமாகப் பல்லால்தான் கடிப்பாள். முன்பல் ஒன்றில் நூல் ஓடி ஓடிச் சின்னதாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அவள் வேலை பார்த்த தையல் கடை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதற்கு நேர் மேலே டாக்டர் நாச்சம்மையின் பல் கிளினிக். ரவிக்கைக்கு அளவு கொடுக்க இறங்கி வரும்போதெல்லாம் டாக்டர் அந்தப் பல்லைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு நாள் மேல வாங்க" என்பார். "வரேன் டாக்டர்" என்பாள் வீரம்மா. போகமாட்டாள்.

1997-இல் தைப்பூசம் முடிந்த மறுவாரம், கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் இரண்டும் ஆட ஆரம்பித்த பிறகுதான் போனாள். வலி ஒன்றும் இல்லை. சோறு மெல்லும்போது பல் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. நாற்பத்து மூன்று வயதில் பல் ஆடுகிறதே என்று வெட்கமாக இருந்தது அவளுக்கு.

டாக்டர் நாச்சம்மை செட்டியார் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டில் மேல்படிப்பு முடித்துவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. போன வருஷக் கடைசியில் ஒரு புது எக்ஸ்ரே மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். நின்றபடியே மோவாயை ஒரு தட்டில் வைத்து, முன்பல்லால் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டால் போதும். மெஷின் தலையை ஒரு சுற்று சுற்றி வந்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை இரண்டு தாடைகளையும் ஒரே படமாக எடுத்துவிடும்.

நர்ஸை அங்கே மிஸ்ஸி என்பார்கள். மிஸ்ஸி வந்து தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னாள். பிறகு தாலிக்கொடியைக் காட்டினாள். வீரம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"பரவால்ல, கீழ இழுத்து விட்டுக்கட்டும்," என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

படம் கழுவி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். முதலில் பல்லின் வேர்களைப் பார்த்தார். பிறகு பல்லை விட்டுவிட்டுக் கீழ்த்தாடையின் அடி ஓரத்தையே பார்க்க ஆரம்பித்தார். மேசையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் அளந்தார். மறுபடியும் வலப்பக்கம். எழுந்து போய் அலமாரியிலிருந்து வேறொரு படத்தைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் மாட்டினார்.

"அக்கா, இது வேற ஒருத்தவங்க படம். உங்களவிட ரெண்டு வயசு மூப்பு. இந்தக் கீழ் ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு போகுது பாருங்க. தடியா, ஒரே சீரா. ரவிக்கைக் கைக்கு பார்டர் வெச்சுத் தெச்ச மாதிரி."

"ஆமா."

"இப்ப உங்களோடது."

தையற்காரியின் கண்ணுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய படத்தில் அந்தக் கோடு பாதிக்குப் பாதி மெலிந்திருந்தது. உட்பக்கத்தில் நூல் பிரிந்த துணி ஓரம்போலப் பிசிறு பிசிறாக இருந்தது.

"நான் பல்லுக்குத்தான் படம் எடுத்தேன்," என்றார் டாக்டர். "ஆனா தாடையோட இந்த ஓரம் இப்படி மெலிஞ்சிருந்தா, உடம்புல மத்த எலும்பும் மெலிஞ்சிருக்கலாம்னு இப்பல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க எழுதுறாங்க. இருக்கலாம்னுதான் சொல்றேன். இத வெச்சு முடிவா ஒண்ணும் சொல்ல முடியாது. எலும்ப அளக்கறதுக்குன்னே பெரிய ஆஸ்பத்திரியில மெஷின் இருக்கு. எங்கயாவது எலும்பு ஒடஞ்சிருக்கா? முதுகு வலி உண்டா?"

போன வருஷம் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது நடுமுதுகில் பளிச்சென்று ஒரு வலி வந்து, மூன்று வாரம் குனிய முடியாமல் கிடந்ததைச் சொன்னாள். சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்குத் தனக்கு ரவிக்கை தைக்கும்போது முதுகு உயரம் முன்னைவிட முக்கால் இஞ்ச் குறைந்திருந்தது. டேப் இழுபட்டுப்போயிற்று என்று புது டேப் வாங்கினாள். அதிலும் குறைச்சலாகத்தான் வந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "மாசாமாசம் ஒழுங்கா வருதா? நின்னுடுச்சா?"

"நின்னு போச்சு."

"எப்போ?"

"இருபத்தாறு வயசுல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தச் சமயத்துல உடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"ஓப்பரேஷன் பண்ணாங்க. அப்ப காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தோம். வயித்துல கட்டி, முறுக்கிக்கிட்டு, உயிரே போற மாதிரி வலி. கட்டிய எடுத்துட்டாங்க."

"கட்டிய மட்டுமா?"

"கட்டிய மட்டுந்தான். எங்க வீட்டுக்காரருகிட்ட டாக்டர் சொல்லியிருக்காரு. ரத்தம் ரொம்ப போயிருச்சு, அதான் நின்னிருக்கு, உடம்பு தேறுனா வரும்னு."

"அப்புறம் வேற டாக்டர் யாருகிட்டயும் காட்டலியா?"

"காட்டாம என்ன. அவருதான் கூட்டிட்டுப் போவாரு. மொதல்ல அவரு உள்ள போயி விவரம் சொல்லுவாரு. அப்புறந்தான் என்னக் கூப்புடுவாங்க. சத்து மாத்திரை குடுப்பாங்க."

டாக்டர் வெளிச்சப் பெட்டியின் பக்கம் திரும்பி, படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பல்லைப் பற்றிப் பேசினார். ஆடுகிற இரண்டையும் எடுத்துவிடலாம், அவசரமில்லை என்றார். ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டருக்கு ஒரு பக்க அளவுக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

"எலும்பையும் அளப்பாங்க, வயித்தையும் ஸ்கேன் பண்ணுவாங்க. நீங்களே உள்ள போயி நீங்களே கேளுங்கக்கா," என்றார்.

வீரம்மாவின் வீடு கிள்ளானில். கொமூட்டர் ரயில் விட்ட பிறகு போக வரச் சுலபமாகியிருந்தது. அன்றைக்கு ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

அவள் கணவன் கன்னையா போர்ட் கிள்ளானில் கொண்டேனர் லோரி ஓட்டுகிறவன். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. கலியாணமாகி இருபது வருஷம். பிள்ளை இல்லை. அந்த ஓப்பரேஷனுக்குப் பிறகு சில வருஷம் வீரம்மாவுக்கு உடம்பு நெருப்பாய் எரியும். விடிகாலையில் எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். கன்னையா எழுந்து வந்து துண்டோடு நிற்பான். அவனுடைய அம்மா உயிரோடு இருந்த வரைக்கும், மலடியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என் மகன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். வேறொருத்தியைக் கட்டு என்று அவனை நச்சரித்தாள். கன்னையா முடியாது என்றுவிட்டான். எனக்கு வீரம்மா போதும், அதோடு விடு என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னான். அன்றைக்கு அடுப்படியில் நின்று அதைக் கேட்ட வீரம்மா, அவன் உள்ளே வந்ததும் அவன் காலில் விழுந்தாள்.

பத்துமலைக்குப் பதினான்கு வருஷம் பால்குடம் எடுத்தாள். நாற்பது வயது வரைக்கும். ஒவ்வொரு வருஷமும் அவன் லோரிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, படி முழுக்க அவளுக்குப் பின்னாலேயே ஏறினான். இப்படி ஒருவன் எந்தப் பெண்ணுக்குக் கிடைப்பான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். முருகனிடம் பிள்ளை கேட்டு முடித்ததும் அவனுக்காகவும் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

அன்று மாலை அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"பல்லு டாக்டருக்கு எதுக்கு அதெல்லாம்? பல்லப் புடுங்கிட்டு அனுப்ப வேண்டியதுதானே."

"எலும்பு மெலிஞ்சிருக்குன்னு அவங்கதான் படத்துல கண்டுபுடிச்சாங்க. வயித்தையும் ஸ்கேன் பண்ணணுமாம்."

"வயித்த எதுக்கு?"

"தெரியல. எழுதிக் குடுத்துருக்காங்க."

அவன் தட்டில் தண்ணீர் ஊற்றினான். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "தேதி வந்தா சொல்லு. நானும் வரேன். நான் பேசிக்கிறேன் டாக்டர்கிட்ட," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான்.

தேதி மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வந்தது. முதல் நாள் கப்பல்கள் ஒன்றாக வந்து சேர்ந்ததால் டிரைவர் யாருக்கும் லீவு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தேதியை மாற்றிக்கொள் என்றான் கன்னையா. சரி என்று தலையை ஆட்டினாள். காலையில் அவன் லோரி எடுக்கப் போன பிறகு, கடைக்கு வரவில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. நீங்களே உள்ளே போய் நீங்களே கேளுங்கள் என்று சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

எலும்பை அளந்தார்கள். பிறகு வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பண்ணினார்கள். அந்த மலாய் டாக்டரம்மா நாச்சம்மையின் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அவளைக் 'காக்' என்று கூப்பிட்டு, மலாயிலேயே நிதானமாகப் பேசினார். காக் என்றால் அக்கா. வீரம்மாவுக்கு மலாய் நன்றாக வரும். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

உங்கள் எலும்பு எழுபது வயதுக்காரியின் எலும்பு, காக். முதுகில் ஒன்று ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. கருப்பை இருக்கிறது, ரொம்பச் சுருங்கிவிட்டது. அதற்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய கருமுட்டைப் பைகள் இல்லை. இரண்டையும் எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் தூரம் நின்றது. அதனால்தான் எலும்பும் இப்படி.

"எடுத்தார்களா?" என்று கேட்டாள் வீரம்மா.

"உங்களுக்குச் சொல்லவில்லையா?"

 டாக்டரம்மா நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். முறுக்கிக்கொண்டு அழுகிப்போயிருந்தால் உயிரைக் காப்பாற்ற எடுத்துத்தான் ஆகவேண்டும். அதில் அந்த டாக்டர்மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்தே ஒரு மாத்திரை கொடுத்திருக்க வேண்டும், ஐம்பது வயது வரைக்கும் என்றார். யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள், கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டார்கள் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. ரயிலில் கிள்ளான் ஸ்டேஷன் வந்தபோது எழுந்திருக்கவும் இல்லை. கடைசி ஸ்டேஷனான போர்ட் கிள்ளான் வரைக்கும் போய் இறங்கினாள். துறைமுக கேட்டுக்குப் போகிற சாலையில் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அரை மைல் தூரத்துக்கு நின்றிருந்தன. மத்தியான வெயில். டீசல் புகை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு லோரியாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். இருபதாவதோ இருபத்தைந்தாவதோ, நீலநிற லோரி. கன்னையா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும் இறங்க வந்தான். அவள் அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் படியில் கால் வைத்து ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்," என்றாள்.

அவன் பேப்பரை மடித்தான். மடித்து, இன்னும் சின்னதாக மடித்தான்.

"கையெழுத்து நீங்கதானே போட்டீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் போட்டீங்க?"

"போடலேன்னா நீ விடியறதுக்குள்ள செத்துப்போயிருவன்னு சொன்னாரு டாக்டர். ரெண்டையும் எடுக்கணும், இனிமே புள்ள பொறக்காது, சம்மதமான்னு கேட்டாரு. உசுரு போதும்னு போட்டேன்."

"அது சரி," என்றாள் வீரம்மா. "அதுக்கு உங்களக் கேக்கல. நானா இருந்தாலும் போட்டிருப்பேன். எனக்கு ஏன் சொல்லல?"

கன்னையா கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "புண்ணு ஆறட்டும்னு இருந்தேன். ஒன்னக் கூட்டிட்டு வந்து பத்தாம் நாளு, மொதப் புள்ள ஆம்பளப் புள்ளயா பொறந்தா எங்க அப்பா பேரு வெக்கணும்னு சொன்ன. அன்னைக்கு வாய் வரல. அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அடுத்த வருசம். நாளாக ஆக, எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியாமப் போச்சு."

"டாக்டருங்க யாரும் சொல்லலியே."

"நாந்தான் மொதல்லயே உள்ள போயி சொல்லிருவேன். அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா தாங்கமாட்டான்னு."

"மாத்திரை குடுத்தாங்களா அப்ப?"

 பின்னால் எங்கேயோ ஒரு லோரி என்ஜினைக் கிளப்பி அணைத்தது.

"மாசாமாசம் வந்து வாங்கிக்கச் சொன்னாரு. இல்லேன்னா சீக்கிரம் ஒடம்பு மூப்பாயிரும்னு சொன்னாரு. எலும்புன்னு சொல்லல வீரம்மா. சத்தியமா எலும்புன்னு சொல்லல. அங்க போனா மிஸ்ஸிங்க யாராச்சும் சொல்லிருவாங்கன்னு பயம். அதான் போகல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எலும்பைப் பற்றி அவளுக்கு அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ரயிலில் வரும்போதே அவள் மனம் வேறோர் இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

அது 1985. கன்னையாவின் தங்கை இராஜம்மா சாலாக் செலாத்தானில் இருந்தாள். அவளுக்கு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிறந்து பன்னிரண்டு நாளில் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணி, நீங்க வெச்சுக்குங்க" என்று வீரம்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். மூன்று நாள் அந்தக் குழந்தை அந்த வீட்டில் இருந்தது. வீரம்மா அதற்குப் பால் கரைத்துக் கொடுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு தையல் மிஷினுக்கு முன்னால் நடந்தாள். அதன் உச்சந்தலை வாசனை மூக்கிலேயே நின்றது. மூன்றாம் நாள் அவளுக்குப் பயம் வந்தது. நாளைக்கு நமக்கென்று ஒன்று பிறந்தால் இதை வேறு மாதிரிப் பார்த்துவிடுவோமோ, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று கன்னையாவிடம் சொன்னாள். அவன் வண்டிச் சாவியோடு வெளியே போனான். லோரியை எடுத்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சாலாக் செலாத்தான் போய்ச் சேரும் வரைக்கும் அவன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். பிறகு இராஜம்மா அந்தக் குழந்தையை ஈப்போவில் யாருக்கோ கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டவர்கள் யார் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது பேச்சு.

"இராஜம்மா புள்ளையத் திருப்பிக் குடுக்கப் போனோமே," என்றாள் வீரம்மா.

கன்னையா கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணு நாளு என் மடியில கெடந்துச்சு. நமக்குப் பொறக்கும், இது வேணாம்னு நான் சொல்றேன். நீங்க வண்டிச் சாவிய எடுக்கறீங்க. பொறக்காதுன்னு தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"அந்த ரோடு முழுக்க நேரம் இருந்துச்சே. கிள்ளான்லேருந்து சாலாக் செலாத்தான். ஒரு வார்த்த. வண்டியத் திருப்புன்னு நானே சொல்லியிருப்பேன்."

"நமக்குப் பொறக்கும்னு நீ சொன்னப்ப ஒம் மொகம் இருந்துச்சு பாரு," என்றான் கன்னையா.  "அத அழிக்க எனக்கு மனசு வரல."

"உங்க அம்மா மலடின்னப்ப நான் கேட்டுக்கிட்டேன். எந் தப்புதான்னு இருந்தேன். உங்க கால்ல விழுந்தேன். பதினாலு வருசம் அந்தப் படி ஏறுனேன். நீங்க பின்னாலேயே வந்தீங்க." அவள் குரல் உயரவில்லை. எண்ணிச் சொல்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நீங்க நல்லவருன்னு நான் சாமிகிட்ட சொன்னேங்க."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. முன்னால் வரிசை நகர்ந்து இரண்டு லோரி இடம் காலியாகியிருந்தது. கன்னையா முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, கியரைப் போட்டு வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நின்றதும் வீரம்மா இறங்கினாள். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடியும் ஹாரன் அடித்தது. அவனால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை.

வீரம்மா அவனை விட்டுப் போய்விடவில்லை. போவதற்கு இடம் இல்லை என்பது ஒன்று. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. மிஷின் இருந்த சின்ன அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனாள். சமைத்தாள், அவனுக்கு எடுத்து வைத்தாள், அவன் சாப்பிடும்போது அங்கே இருக்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் போட்டுக்கொண்டாள். போன எலும்பு திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கன்னையா குளியலறையில் வழுக்காத பாய் வாங்கிப் போட்டான். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடிய பல் இரண்டையும் எடுக்க மேலே போனபோது டாக்டர் நாச்சம்மை விஷயத்தைக் கேட்டறிந்தார். எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"நான் கேக்காம இருந்திருக்கணுமோ என்னமோ," என்றார். "பல்ல மட்டும் பாத்து அனுப்பியிருந்தா உங்களுக்கு இந்த வேதனை இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். இத்தன வருசத்துல எந்த டாக்டரும் என்னைப் பாத்துக் கேக்கல. நீங்கதான் என்கிட்ட கேட்டீங்க." சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

செப்டம்பர் மாதம், ஊர் முழுக்கப் புகை மூட்டமாக இருந்த நாட்களில், கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடும்போது அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். வலது மணிக்கட்டில் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. அதற்கே ஒடிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்தபோது கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் முன்மாதிரி மடங்கவில்லை. அதன் பிறகு அவளால் ரவிக்கை தைக்க முடியவில்லை. கொக்கி வைக்கவும் ஓரம் மடிக்கவும் மட்டும் கடைக்குப் போனாள்.

அந்த ஆறு வாரமும் கன்னையாதான் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தான், தலை வாரிவிட்டான். பின்னல் போடத் தெரியாது அவனுக்கு. கொத்தாகப் பிடித்து ரப்பர் போட்டுவிடுவான். அவன் விரல் படும்போது முதலில் அவள் உடம்பு விறைத்துக்கொள்ளும். ஒற்றைக் கையால் வாரிக்கொள்ள முடியாததால் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவன் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் பேசினாள். ஏழு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

"ஓப்பரேஷன் அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாரு? மொதல்லேருந்து சொல்லுங்க."

சீப்பு நின்றது. "சொன்னேனே வீரம்மா."

"மறுபடி சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். எந்த இடத்தில் நின்று சொன்னார், கூட யார் இருந்தது, நீங்கள் சட்டை போட்டிருந்தீர்களா தோட்டத்து உடுப்போடு வந்தீர்களா, நான் அப்போது என்ன சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கேட்டாள். அவன் எதையும் விடாமல், நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்று சொல்லி, பதில் சொன்னான். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் அது நிற்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மற்ற நாளில் அந்த வீட்டில் பேச்சு குறைச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர்கள் இரண்டு பேரும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் கேட்டாள்.

"எடுத்தத உங்களுக்குக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. ஒரு தட்டுல வெச்சு, துணியத் தூக்கிக் காட்டுனாரு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

கன்னையா கையைத் தூக்கினான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ஓர் அளவு காட்டினான். பிறகு இல்லை என்று விரலைக் கொஞ்சம் சுருக்கினான்.  வீரம்மா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையை இறக்கித் துடைக்காமல், அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றாள் அவள். "அப்புறம் என்ன செஞ்சாங்க, சொல்லுங்க."